போர்ஹோல் மென்பொருளில் சிதைந்த பாறையை மண்ணாகக் காட்டுவதா, பாறையாகக் காட்டுவதா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் வேளச்சேரிப் பக்கம் ஒரு கட்டடத்துக்கு நிலத்தை ஆராய ஐந்து போர் (துளை) போட்டிருக்கிறீர்கள். இதுவரை எக்ஸெலில் வரைந்த போர்லாக்கை (எந்த ஆழத்தில் என்ன வந்தது என்று காட்டும் படத்தாளை) இப்போது மென்பொருளுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். 9 மீட்டரிலிருந்து வருவது கையில் எடுத்தால் உதிர்கிறது, ஆனால் எஸ்.பி.டி.யில் (சுத்தியலால் அடித்து மாதிரிக் குழாயை இறக்கும் சோதனை) 50 தடவை அடித்தும் 8 செ.மீ. கூட இறங்கவில்லை. 12.4 மீட்டரில் கெட்டிப் பாறை 80 செ.மீ. வந்தது, அப்புறம் மறுபடி உதிரும் பொருள், 15 மீட்டருக்குக் கீழே தொடர்ந்து கோர் (உருளையாக வெட்டி எடுத்த பாறை மாதிரி). 18 மீட்டரில் போரை நிறுத்திவிட்டீர்கள். மென்பொருளோ ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரே ஒரு ஹேட்ச்தான் (அடுக்கைக் காட்டும் கோடு, புள்ளி வடிவம்) கேட்கிறது. சிதைந்த பாறைக்கு மண்ணின் ஹேட்சா, பாறையின் ஹேட்சா என்பது உங்கள் கேள்வி. கூடவே, எந்த வகைப்பாட்டு முறையைத் தேர்ந்தெடுப்பது, கோர் கிடைக்காத இடத்தில் என்ன வரைவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஹேட்சைப் பற்றிக் கேட்டாலும், பாறை எங்கே தொடங்குகிறது, அதைச் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி. பைலின் (கட்டடத்தைத் தாங்கும் ஆழத் தூணின்) நீளம் அதை வைத்துத்தான் முடிவாகும் என்பதால் உங்கள் தயக்கம் நியாயமானது. சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் கட்டட, பால அடித்தளங்களுக்காகப் போர்லாக் எழுதியும் மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்த்தும் வந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன். சுரங்கத் தொழிலிலும் எண்ணெய்க் கிணறுகளிலும் பழக்கம் வேறு; இது அவற்றுக்குப் பொருந்தாது.

ஒரு அடுக்கைப் பற்றி நமக்குத் தெரிந்தது ஒரே தகவல் அல்ல, குறைந்தது நான்கு. மாதிரியில் கண்ணால் பார்த்தது என்ன என்பது ஒன்று. வகைப்பாட்டில் அது எந்தக் குழு என்பது இரண்டு. எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பது மூன்று. நிலத்தின் வரலாற்றில் அது எந்த அலகைச் சேர்ந்தது என்பது நான்கு. எக்ஸெலில் வரையும்போது இந்த நான்கையும் ஒரே கட்டத்தில் ஒரு வரியாக எழுதி, பக்கத்தில் ஒரு படத்தை ஒட்டிவிட்டோம். மென்பொருளில் நான்குக்கும் தனித்தனிப் பத்தி (நெடுவரிசை) வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டால் உங்கள் கேள்வி பெரும்பாலும் கரைந்துவிடும். 9 முதல் 12.4 மீட்டர் வரை விவரிப்பில் "பழுப்பு மஞ்சள் நிற வண்டல் கலந்த மணலாக உதிரும், மூலப்பாறையின் அமைப்பு மாறாத, முற்றிலும் சிதைந்த சார்னோகைட்" என்று எழுதுங்கள்; சார்னோகைட் என்பது உங்கள் போரில் வந்த கெட்டிப் பாறையின் பெயர். வகைப்பாட்டுப் பத்தியில் சல்லடைச் சோதனை சொல்லும் எஸ்.எம். (வண்டல் மணல்) வரட்டும். சிதைவுப் பத்தியில் ஐந்தாம் தரம். அலகுப் பத்தியில் சிதைந்த சார்னோகைட் மண்டலம். ஹேட்ச் என்பது இதில் ஒரு பத்தியின் வெளித்தோற்றம் மட்டுமே.

ஹேட்ச் எந்தப் பத்தியிலிருந்து வர வேண்டும் என்று கேட்டால், கண்ணால் பார்த்ததை விவரிக்கும் கல்லியல் பத்தியிலிருந்து என்பேன். அதுவும் மென்பொருளில் அடுக்குக்குக் கொடுத்த குறியீட்டிலிருந்து தானாக வர வேண்டும், கையால் தேர்ந்தெடுத்து ஒட்டியதாக இருக்கக் கூடாது. சிதைந்த சார்னோகைட்டுக்கென்று ஒரு தனிக் குறியீடு உருவாக்கி, பாறைக்கு வைத்திருக்கும் அதே ஹேட்சை இடையிடையே உடைத்து, மணல் புள்ளிகளைக் கலந்து கொடுங்கள். பார்ப்பவருக்கு இது முழு மண்ணும் இல்லை, முழுப் பாறையும் இல்லை என்பது படத்திலேயே தெரியும். சிதைவுக்கு உலகெங்கும் வழங்கும் ஆறு படிகள் உண்டு. ஒன்று புதிய பாறை, ஆறு எச்சமண். நான்காம் தரத்தில் பாதிக்கு மேல் மண்ணாகிவிட்டிருக்கும். ஐந்தில் எல்லாமே மண்ணாகியிருந்தாலும் பாறையின் பழைய அமைப்பு பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆறில் அந்த அமைப்பும் போய்விடும். உங்கள் 9 மீட்டர் பொருள் ஐந்தா ஆறா என்று பார்க்க ஸ்பூனை (எஸ்.பி.டி. மாதிரிக் குழாயை) பிளந்து வைத்து மாதிரியைக் கத்தியால் மெல்லச் சீவிப் பாருங்கள். கனிமங்கள் இருந்த இடத்திலேயே இருந்து, பழைய வெடிப்புக் கோடுகள் கறையாகத் தெரிந்தால் ஐந்து. எல்லாம் கலங்கிப்போய் ஒரே நிற மண்ணாக இருந்தால் ஆறு. தண்ணீர் பாய்ச்சித் துளையிடும் வாஷ் போரிங்கில் வரும் கழிவுச் சேற்றை வைத்து மட்டும் இதை முடிவு செய்ய முடியாது.

அடுத்து அந்த 80 செ.மீ. கெட்டிப் பாறை. சார்னோகைட் வெட்டுக்கோடுகள் ஓடும் கெட்டியான பாறை. தண்ணீர் அந்தக் கோடுகள் வழியே இறங்கி, ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சிதைக்கிறது. நடுவில் சிதையாமல் மிஞ்சுவது உருண்டையாக நிற்கும். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் குவாரிச் சரிவுகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். (இந்தப் பாறைக்கு அந்தப் பெயரை வைத்தவர் தாமஸ் ஹாலந்து. கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை அவர் ஆராய்ந்து எழுதியது 1893-இல். அந்தக் கல் போனது நம் மதராஸ் பக்கத்திலிருந்துதான் என்று கருதப்படுகிறது.) ஆகவே கெட்டிப் பாறைக்குக் கீழே மறுபடி உதிரும் பொருள் வருவது இங்கே அதிசயமல்ல. ஆனால் மென்பொருளுக்கு அது பிடிக்காது. முப்பரிமாண மாதிரி உருவாக்கும் பெரும்பாலான நிரல்கள் ஒவ்வொரு அலகும் மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறைதான் வரும் என்று எதிர்பார்க்கின்றன. "பாறை, மண், பாறை" என்று அலகுப் பத்தியில் கொடுத்தால், 12.4 மீட்டரைப் பாறையின் மேற்பரப்பு என்று எடுத்துக்கொண்டு அடுத்த போர் வரைக்கும் கோடு இழுத்துவிடும். அங்கேதான் ஆபத்து. வடிவமைப்பாளர் அந்தக் கோட்டைப் பார்த்து பைலை 12.4-இல் உட்கார வைத்தால், உருண்டைக்குக் கீழே இருக்கும் உதிரிப் பொருளின் மேல் கட்டடம் நிற்கும்.

இதற்கு வழி கல்லியலையும் அலகையும் பிரிப்பதுதான். கல்லியல் பத்தியில் 9 முதல் 12.4 வரை சிதைந்த சார்னோகைட், 12.4 முதல் 13.2 வரை சிறிதளவே சிதைந்த சார்னோகைட் போல்டர் (உருண்டைப் பாறை), 13.2 முதல் 15 வரை மறுபடி சிதைந்தது என்று மூன்று இடைவெளிகளாகக் காட்டுங்கள். அலகுப் பத்தியில் 9 முதல் 15 வரை ஒரே அலகு: "போல்டர்களோடு கூடிய சிதைந்த சார்னோகைட் மண்டலம்". 15-க்குக் கீழே "சார்னோகைட் அடிப்பாறை". முப்பரிமாண மாதிரிக்கு அலகுப் பத்தியை மட்டும் அனுப்புங்கள். பைல் போடும் குழுவுக்கு இரண்டும் போகட்டும், ஏனென்றால் துளையிடும் இயந்திரத்துக்கு போல்டர் இருப்பது தெரிந்தாக வேண்டும். சென்னை மெட்ரோவின் சுரங்கப் பகுதிகளில் மண்ணும் பாறையும் ஒரே முகப்பில் கலந்து வந்து இயந்திரங்களை எவ்வளவு சிரமப்படுத்தின என்று அந்த வேலையில் இருந்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் 15 மீட்டரில் தொடங்குவது அடிப்பாறைதானா? இதை மென்பொருள் சொல்லாது. பாறையில் குறைந்தது 3 மீட்டர் கோர் எடுத்துவிட்டு நிறுத்துவது பலருடைய வழக்கம். நீங்களும் அப்படித்தான் 18-இல் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். போல்டர் வரும் இடத்தில் எனக்கு அது போதாது, 5 மீட்டர் கேட்பேன். ஐந்து போரில் ஒன்றையாவது 20 மீட்டருக்குக் கொண்டுபோக இன்னும் வாய்ப்பிருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் அலகின் பெயரை "அடிப்பாறை எனக் கருதப்படுவது" என்று எழுதுங்கள். ஒரு சொல் கூடுவதால் லாக் பலவீனமாகிவிடாது.

எல்லைக்கோடுகளுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். உங்கள் போரில் 4.5 மீட்டர் எஸ்.பி.டி. மாதிரியில் களிமண், 6 மீட்டர் மாதிரியில் களி கலந்த மணல். ஸ்பூன் 45 செ.மீ. மட்டுமே இறங்குகிறது. அப்படியானால் 4.95-க்கும் 6.00-க்கும் நடுவே எங்கோ அடுக்கு மாறுகிறது, அந்த 1.05 மீட்டரை யாரும் பார்க்கவில்லை. மென்பொருள் ஒரே எண்ணைத்தான் கேட்கும். இரண்டின் நடுப்புள்ளியைக் கணக்கிட்டு 5.475 என்று போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று தசம இடம் அளந்ததைப் போன்ற தோற்றத்தைக் கொடுத்துவிடும். அதைவிட டிரில்லரிடம் கேளுங்கள். கம்பியின் அதிர்வு மாறியதையும் திரும்பி வரும் பென்டோனைட் (துளை சரியாமல் தாங்கும் களி) சேற்றின் நிறம் மாறியதையும் அவர் கவனித்திருப்பார். அவர் 5.4 என்றால் 5.4 என்று பதிந்து, "டிரில்லர் கவனித்தது" என்று குறிப்பிட்டு, கோட்டை விட்டுவிட்டு வரும் கோடாகப் போடுங்கள். கோரிலோ பிளந்த மாதிரியிலோ கண்ணால் பார்த்த எல்லைக்கு மட்டும் முழுக்கோடு. படிப்படியாக மாறும் எல்லைக்குப் பெரும்பாலான மென்பொருள்களில் தனிக் கோட்டு வகை இருக்கிறது. உங்கள் 9 மீட்டர் எல்லை இந்த மூன்றாவது வகையாகத்தான் இருக்கும்.

வகைப்பாட்டு முறைக்கு வருகிறேன். இந்தியாவில் கொடுக்கும் அறிக்கைக்கு, மண் வகைப்பாட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1498 தான். பெரும்பாலான மென்பொருள்களில் முதலில் திறக்கும் வார்ப்புரு அமெரிக்க முறையிலோ பிரிட்டிஷ் முறையிலோ இருக்கும், அதை அப்படியே ஏற்றுக்கொள்வதில் நிச்சயமான சிக்கல் இருக்கிறது. நம் முறை நுண்மண்ணைத் திரவ எல்லையை (மண் குழம்பாகத் தொடங்கும் ஈர விழுக்காட்டை) வைத்து மூன்றாகப் பிரிக்கிறது: 35-க்குக் கீழ், 35 முதல் 50, 50-க்கு மேல். அமெரிக்க முறையில் 50 என்ற ஒரே வெட்டுதான். எனவே நம் சி.ஐ. (35 முதல் 50 வரையுள்ள களிமண்) என்ற குழு அந்த வார்ப்புருவில் கிடையாது. திரவ எல்லை 42 உள்ள களிமண்ணைக் கொடுத்தால் அது சி.எல். (குறைந்த நெகிழ்வுள்ள களிமண்) ஆகிவிடும். பிரிட்டிஷ் வார்ப்புருவில் சி.ஐ. உண்டு, ஆனால் மணலின் எல்லை வேறு. நம்மிடமும் அமெரிக்கர்களிடமும் மணல் என்பது 0.075 மி.மீ. முதல் 4.75 மி.மீ. வரை. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் 0.063 முதல் 2 வரை. 3 மி.மீ. துகள் இங்கே மணல், அங்கே சரளை. மொரம்பு மாதிரியான மண்ணில் இந்த வித்தியாசம் குழுவின் பெயரையே மாற்றிவிடும். ஐ.எஸ். 1498 ஒவ்வொரு குழுவுக்கும் எழுத்துக் குறியோடு ஹேட்சும் வண்ணமும் தருகிறது. அதை வைத்து உங்கள் நிறுவனத்துக்கென்று ஒரு குறியீட்டு நூலகத்தை ஒரு முறை கட்டிவிட்டால் பிறகு தொடவே வேண்டாம். பாறைகளின் ஹேட்சுக்கு 2006-இல் அமெரிக்க அரசின் புவியியல் தரவுக் குழு (எஃப்.ஜி.டி.சி.) வெளியிட்ட குறியீட்டுத் தரத்தில் பெரிய தொகுப்பு இருக்கிறது. எந்த ஹேட்சை எடுத்தாலும் லாக்கிலேயே விளக்கக் குறிப்பு வையுங்கள், ஏனென்றால் உலகம் முழுதும் ஒத்துக்கொண்ட ஒரே தொகுப்பு என்று ஒன்றும் இல்லை.

கலப்பு மண்ணுக்கு முதன்மைப் பகுதி எதுவோ அதன் ஹேட்ச், இரண்டாவதை அதன் மேல் லேசாக. இதில் பெரிய விவாதம் இல்லை. ஆய்வகம் வேறு சொன்னால் என்ன செய்வது என்பதில்தான் குழப்பம் வருகிறது. களத்தில் "வண்டல் மணல்" என்று எழுதிய மாதிரியில் 75 மைக்ரான் சல்லடையைத் தாண்டியது 54 விழுக்காடு என்று வந்தால், வகைப்பாடு நுண்மண் பக்கம் போய்விடும். வகைப்பாட்டுப் பத்தியை மாற்றுங்கள். களக் குறிப்பை அழிக்காதீர்கள். களத்தில் எழுதியவர் மண்ணின் ஈரத்தையும் மணத்தையும் கெட்டித்தன்மையையும் நேரில் பார்த்தவர். ஆய்வகத்துக்குப் போனது அதில் ஒரு கைப்பிடி.

மேலே இருக்கும் 1.6 மீட்டரை நீங்கள் எஸ்.எம். என்று போட்டிருக்கிறீர்கள், ஆனால் குறிப்பில் செங்கல் துண்டும் பிளாஸ்டிக்கும் என்று இருக்கிறது. அது கொட்டிய மண். அதற்குத் தனிக் குறியீடு, தனி ஹேட்ச். வேளச்சேரி மாதிரி ஏரியும் சதுப்பும் நிரவப்பட்ட பகுதியில் இதை இயற்கை மணலாகக் காட்டினால் படிப்பவர் தவறான முடிவுக்குப் போவார்.

இப்போது கோர். 15.0 முதல் 16.5 வரையிலான ரன்னின் (ஒரு தடவை இறக்கித் துளையிட்ட நீளத்தின்) கோர் பெட்டிப் படத்தை அனுப்பியிருந்தீர்கள். அதில் துண்டுகள் 22, 14, 12, 9, 8, 7 செ.மீ., அப்புறம் அள்ளி வைத்த சில்லுகள் சேர்த்து 18 செ.மீ. இருக்கும். மொத்தம் 90. ரன் 150. ஆகவே கோர் மீட்பு 60 விழுக்காடு. ஆர்.க்யூ.டி.க்கு (பாறையின் தரத்தைச் சொல்லும் விழுக்காடு) 10 செ.மீ.யும் அதற்கு மேலும் உள்ள கெட்டித் துண்டுகள் மட்டும்: 22, 14, 12. கூட்டினால் 48, அதை 150-ஆல் வகுத்தால் 32. நீங்கள் 53 என்று எழுதியிருக்கிறீர்கள், 90-ஆல் வகுத்திருக்கிறீர்கள் போல. ரன் நீளத்தால்தான் வகுக்க வேண்டும். 1960-களில் டான் டீர் இந்த அளவைக் கொண்டுவந்தபோது வைத்த தரவரிசையில் 25 முதல் 50 வரை மோசம், 50 முதல் 75 வரை சுமார். உங்கள் எண் பாறையை ஒரு படி மேலே தூக்கிவிட்டது. மென்பொருளில் விழுக்காட்டை நேரடியாகத் தட்டாமல் துண்டு நீளங்களைக் கொடுத்து அதையே கணக்கிட விட்டால் இது நேராது. ஒன்றை மட்டும் பெட்டியில் பாருங்கள்: 9-ம் 8-ம் சேரும் முகம் படத்தில் பளிச்சென்று புதிதாகத் தெரிகிறது, துருக்கறை இல்லை. அது துளையிடும்போது உடைந்தது என்றால் இரண்டும் ஒரே 17 செ.மீ. துண்டு, ஆர்.க்யூ.டி. 43 ஆகும். தரம் அப்போதும் மோசம்தான், ஆனால் எண் சரியாக இருக்கும். படத்தை வைத்து நான் இதை உறுதியாகச் சொல்ல முடியாது, கையில் எடுத்துப் பொருத்திப் பாருங்கள்.

காணாமல் போன 60 செ.மீ. எங்கே இருந்தது? தெரியாது. இழப்பை ரன்னின் அடியில் காட்டுவது பொதுவான வழக்கம், ஆனால் அது ஒரு வசதிக்கான ஏற்பாடுதான். துளையிடும் வேகம் திடீரென்று கூடிய ஆழத்தை டிரில்லர் குறித்திருந்தால் அங்கே காட்டுங்கள். வெற்று இடமாக விட்டால் படிப்பவர் குழி என்று நினைப்பார். பாறையின் ஹேட்சை நிரப்பினால் பாறை இருந்ததாக நினைப்பார். எனவே கோர் இழப்புக்கு குறுக்குக் கோடுகளால் ஆன ஒரு தனிக் குறியீடு வைத்து, கல்லியல் பத்தியை விட்டுவிட்டு மீட்புப் பத்தியில் மட்டும் காட்டுங்கள். கல்லியலில் அந்த ரன் முழுவதும் சார்னோகைட் என்றே தொடரட்டும், "ஒரு பகுதி மீளவில்லை" என்ற குறிப்போடு.

தரவை வேறு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஏ.ஜி.எஸ். வடிவத்தில் எடுத்து அனுப்புங்கள். பிரிட்டனில் 1992-இல் முதல் பதிப்பு வந்த எளிய உரை வடிவம் அது. அடுக்குகள் ஒரு குழுவில், அடுக்குக்குள் வரும் மெல்லிய பட்டைகள் இன்னொன்றில், சிதைவு வேறொன்றில், கோர் வேறொன்றில் என்று அது ஏற்கெனவே பிரித்துத்தான் வைத்திருக்கிறது. நான் மேலே சொன்ன பத்திகள் நேராக அதில் உட்காரும். 2 செ.மீ. மணல் கோட்டுக்கெல்லாம் தனி அடுக்கு போடாமல் அந்தப் பட்டைக் குழுவில் சேருங்கள். ஆழங்களைத் தரைமட்டத்திலிருந்தே பதியுங்கள், தரையின் மட்டத்தை ஒரே இடத்தில் வையுங்கள். சர்வேயர் பிறகு மட்டத்தைத் திருத்தினால் எல்லாம் ஒரே நேரத்தில் மாறிவிடும். நீர்மட்டக் குறிக்குத் தேதியும் நேரமும் கட்டாயம். பென்டோனைட் நிற்கும் துளையில் அன்றே பார்த்த மட்டத்தை நான் நம்புவதில்லை.

ஐந்து போரையும் இணைத்துக் குறுக்குவெட்டு வரையச் சொன்னால் மென்பொருள் ஒரு நொடியில் அழகான வளைகோடு போட்டுவிடும். சார்னோகைட்டின் மேற்பரப்பு அடுத்தடுத்த இரண்டு போருக்கு நடுவே சில மீட்டர் ஏறி இறங்குவது சாதாரணம், அந்தக் கோட்டுக்கு அது தெரியாது. போருக்குப் பக்கத்தில் மட்டும் முழுக்கோடாக வைத்து, நடுவில் விட்டுவிட்டு வரும் கோடாக்கி, கேள்விக்குறி போடுங்கள். வாடிக்கையாளர் ஏன் கேள்விக்குறி என்று கேட்டால், அங்கே இன்னொரு போர் போட்டால் எடுத்துவிடலாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் லாக்கின் அடியில் 18.0 மீட்டரில் முழுக்கோடு போட்டு முடித்திருக்கிறீர்கள். சார்னோகைட் அங்கே முடியவில்லை, போர்தான் முடிந்தது. அந்தக் கோட்டை எடுத்துவிட்டு, "18.0 மீட்டரில் போர் நிறுத்தப்பட்டது, பாறை தொடர்கிறது" என்று எழுதுங்கள். மீதி நான்கு போர்களிலும் கடைசி வரியை இதே மாதிரி ஒரு முறை பார்த்துவிடுங்கள்.